பிள்ளைகள் பெயரில் வரும் சர்வைவர் பணம்: அம்மா எதற்கெல்லாம் எடுக்கலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கேட்டவர் டெக்சஸில் இருக்கிறார். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. அமெரிக்க அரசின் சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 1,500 டாலர் சர்வைவர் பணமாக, அதாவது சம்பாதித்தவர் இறந்தபின் குடும்பத்துக்குத் தரும் தொகையாக, வருகிறது. இவர் ஐ.டி. வேலையில் இருக்கிறார். வந்த பணத்தில் இதுவரை ஒரு சதம்கூடத் தொடவில்லை, அப்படியே சேர்த்து வைத்திருக்கிறார். ஆனால் ஒற்றைச் சம்பளத்தில் வீட்டுக்கடன் தவணை கட்டிவிட்டு, மாசக் கடைசியில் மளிகைக்குக் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டியிருக்கிறது. "அது சிவன் சொத்து மாதிரி அண்ணி, தொட்டுடாதீங்க" என்கிறாராம் கொழுந்தனார். "உன் கணக்குக்குத்தானே வருது, உன் காசுதான், எடுத்துச் செலவு பண்ணு" என்கிறாராம் தோழி. யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் தப்பு, சகோதரி. ஆனால் உங்களைக் கார்டு கடனில் தள்ளியது கொழுந்தனார் சொன்னதுதான், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பணம் பிள்ளைகளுடையது. அதில் சந்தேகமே இல்லை. நீங்கள் அதை வாங்கிச் செலவு செய்யப் பொறுப்பேற்றவர். 'ரெப்ரசென்டேடிவ் பேயீ' என்று அதற்குப் பெயர். நீங்கள் விண்ணப்பித்தபோது எஸ்எஸ்ஏ-11 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அல்லது அலுவலகத்தில் கேள்வி கேட்டுக் கணினியில் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பொறுப்பின் முதல் கடமையே பிள்ளையின் இன்றைய தேவைக்கு அந்தப் பணத்தைச் செலவு செய்வதுதான். சாப்பாடு, இருக்க இடம், துணிமணி, மருத்துவம், பிள்ளைக்கு வேண்டிய சில்லறைத் தேவைகள்: விதியில் இந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறது. இவற்றுக்குப் போக மிஞ்சுவதைத்தான் சேமிக்கச் சொல்கிறார்கள். தேவையைக் கடனில் ஓட்டிவிட்டு மொத்தத்தையும் சேமிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இந்தப் பணம் எதற்காக வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1935ல் சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தபோது அது உழைத்தவருக்கான முதுமைப் பணம் மட்டுமே. 1939ல் திருத்தம் செய்துதான் இறந்தவரின் குடும்பத்தையும் உள்ளே கொண்டுவந்தார்கள். சம்பாதித்தவர் போன பிறகும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதே நோக்கம். அதிலும் ஒரு கோணல் இருந்தது. பிள்ளையை வளர்க்கும் விதவைக்குத் தனியாக ஒரு தொகை உண்டு, மனைவியை இழந்த கணவனுக்கு அது கிடையாது. 1972ல் பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஸ்டீபன் வீசன்ஃபெல்ட் என்பவர், கைக்குழந்தையை நானே வீட்டிலிருந்து வளர்க்கப்போகிறேன், எனக்கு ஏன் இல்லை என்று வழக்குப் போட்டார். அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர், பின்னாளில் அதே நீதிமன்றத்தில் நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1975ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பெற்றவர்களில் ஒருவர் போனால் மிஞ்சியவர் பிள்ளையைக் கவனிக்க வழி செய்யத்தான் இந்தப் பணம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் கணவர் சம்பளத்தில் ஒவ்வொரு தடவையும் பிடித்த வரிக்கு ஈடாக வருவது இது. தருமம் இல்லை, கோயில் உண்டியலும் இல்லை.

கணக்கு எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இறந்தவருக்கு முழு ஓய்வு வயதில் மாதம் எவ்வளவு வந்திருக்குமோ அதில் 75 சதவீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,500 என்றால், அவருடைய அடிப்படைத் தொகை சுமார் 2,000. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வளர்க்கும் உங்களுக்கும் 75 சதவீதம் உண்டு. ஆனால் குடும்பம் மொத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், பொதுவாக 150 முதல் 180 சதவீதம் வரை. உங்கள் பங்குக்கு இன்னொரு சிக்கல், நீங்கள் சம்பாதிப்பது. ஒரு வரம்புக்கு (2025ல் வருடத்துக்கு 23,400 டாலர்) மேல் சம்பாதித்தால், மேலே போகும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் பிடிப்பார்கள். ஐ.டி. சம்பளத்தில் உங்கள் பங்கு மொத்தமாகக் கரைந்துபோகும். ஆனால் உங்கள் சம்பளம் பிள்ளைகளின் பங்கை ஒரு சதம்கூடக் குறைக்காது. "வேலைக்குப் போனால் பிள்ளை பணம் நின்றுவிடுமா" என்று பயந்து வேலையை விட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அப்படி யாரும் செய்துவிடாதீர்கள்.

இடையில் ஒன்று, நம்மவர்களுக்காக. "அவர் அமெரிக்கா வந்தே நாலு வருஷம்தான், 40 கிரெடிட் இருக்காது, ஒண்ணும் கிடைக்காது" என்று விண்ணப்பமே போடாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. (கிரெடிட் என்பது வேலை பார்த்து இந்த வரி கட்டியதற்குச் சேரும் புள்ளி.) இறப்பதற்கு முந்தைய மூன்று வருடத்தில் ஒன்றரை வருட வேலை, அதாவது 6 கிரெடிட் இருந்தாலே பிள்ளைகளுக்கும் அவர்களை வளர்ப்பவருக்கும் கிடைக்கும். மாணவர் விசாவில் ஓபிடி என்ற பயிற்சி வேலை பார்த்த காலத்தில் பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிக்க மாட்டார்கள், அந்தக் காலம் கணக்கில் வராது. எச்-1பி தொடங்கிய பிறகு வரும். தாமதமாக விண்ணப்பித்தால் பின்தேதியிட்டு ஆறு மாதம்வரைதான் கொடுப்பார்கள், அதனால் தள்ளிப்போடக் கூடாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வீட்டுச் செலவில் பிள்ளையின் பங்கு எவ்வளவு?

எளிய வழி தலைக்கணக்கு. தவணை, மின்சாரம், தண்ணீர், மளிகை, வீட்டுக் காப்பீடு, இன்டர்நெட் எல்லாம் சேர்த்து மாதம் 4,200 டாலர் ஆகிறது என்று வையுங்கள். வீட்டில் மூன்று பேர். ஆளுக்கு 1,400. மகளின் 1,400ஐ மகளின் பணத்திலிருந்தும், மகனின் 1,400ஐ மகனின் பணத்திலிருந்தும் எடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் கூரைக்குக் கீழேதானே அவர்கள் தூங்குகிறார்கள், அந்த அடுப்பில்தானே அவர்களுக்கு இட்லி வேகிறது. "வீடு என் பேரில் இருக்கு, அதுக்குப் பிள்ளை காசா" என்று தயங்க வேண்டாம். வாடகை வீடாக இருந்தாலும் இதே பதில்தான். உங்களுக்குச் சம்பளம் இருப்பதால் பிள்ளைப் பணத்தைத் தொடக் கூடாது என்றும் விதி இல்லை.

இதற்குமேல் பிள்ளைக்கென்றே ஆகும் செலவு தனி. நீங்கள் கேட்டிருந்த பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

மகளின் பரதநாட்டிய வகுப்பு: தாராளமாக. சலங்கை, பாவாடை, விழாவுக்கு மேக்கப் எல்லாமே அவளுக்கானது. அரங்கேற்றம் என்று வந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். மண்டபம், சாப்பாடு, 300 பேருக்குப் பரிசுப்பை என்று நம் ஊர்க்காரர்கள் செய்வதில் எவ்வளவு பிள்ளைக்கு, எவ்வளவு நம் கௌரவத்துக்கு என்பது நமக்கே தெரியும். கௌரவப் பகுதி உங்கள் பணத்திலிருந்து போகட்டும்.

பல் கம்பி, கண்ணாடி, காப்பீடு கொடுக்காத மருத்துவச் செலவு: முதல் உரிமை இவற்றுக்குத்தான். பள்ளிக்குப் பின் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டும் பணம், கோடை முகாம், டியூஷன், லேப்டாப், கட்டில், படிக்கும் மேசை எல்லாம் சரி. அப்பா போன பிறகு மகன் பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மனநல ஆலோசகரிடம் போக வேண்டியிருந்தால், இந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊருக்குப் போய்வர விமான டிக்கெட்: மாதாமாதத் தேவைகள் நிறைந்த பிறகு மிச்சம் இருந்தால், பிள்ளையின் டிக்கெட்டைப் பிள்ளையின் பணத்தில் எடுக்கலாம். தாத்தா பாட்டியைப் பார்ப்பது அவர்களுக்கு நல்லதுதான். உங்கள் டிக்கெட் உங்கள் செலவு. 30 நாளைத் தாண்டி வெளிநாட்டில் தங்குவதாக இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கணவர் விட்டுப்போன கிரெடிட் கார்டு பாக்கி: கூடாது. அது அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான கடன், பிள்ளைகள் பட்ட கடன் இல்லை. வசூல்காரர்கள் போனில் அழுத்துவார்கள், கலங்காதீர்கள். சாதாரணக் கடன்காரர் யாரும் சோஷியல் செக்யூரிட்டி பணத்தில் கை வைக்க முடியாதபடி சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. நீங்கள் இந்த இரண்டு வருடத்தில் மளிகைக்குத் தேய்த்த கார்டு பாக்கி வேறு கதை. அதில் பிள்ளைகளின் பங்கு இருக்கிறது. ஆனால் பழைய செலவுக்கு ஈடாகச் சேமிப்பிலிருந்து பெரிய தொகையை ஒரேயடியாக எடுப்பதென்றால், பில்களோடு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்த மாதத்திலிருந்து மாதப் பங்கை எடுக்கத் தொடங்குவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மாமியாருக்கு மாதம் அனுப்பும் பணம்: அது உங்கள் நல்ல மனசு, உங்கள் சம்பளத்திலிருந்து போகட்டும். நகை: மகளுக்குத் தங்கம் சேர்ப்பது நம் ரத்தத்தில் ஊறியது, எனக்கும் புரிகிறது. ஆனால் லாக்கரில் கிடக்கும் வளையல் அவளுடையதா உங்களுடையதா என்று காகிதத்தில் காட்ட முடியாது. ஊரில் மனை வாங்கிப்போடுவதும் அப்படித்தான். யார் பெயரில் பதிவாகும், யார் பார்த்துக்கொள்வார்கள், பிறகு எப்படி விற்றுக் கொண்டுவருவது, ஒவ்வொன்றும் தலைவலி. இரண்டுமே வேண்டாம்.

ஒரு பிள்ளையின் பணத்தை இன்னொரு பிள்ளைக்குச் செலவு செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மகள் பல் கம்பிக்கு மகன் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு தனி ஆட்கள், இரண்டு தனிக் கணக்கு.

இனி வங்கிக் கணக்கு. இதில்தான் பலர் தெரியாமல் சறுக்குகிறார்கள். பணம் வந்து சேரும் கணக்கின் பெயரிலேயே உரிமையாளர் பிள்ளை என்றும், நீங்கள் பேயீ என்றும் தெரிய வேண்டும். பிள்ளை தானே போய் எடுக்கும்படியும் இருக்கக் கூடாது. வீட்டில் ஒரே கூரையின் கீழ் பல பேருக்குப் பணம் வந்தால், பேயீயான பெற்றோர் செலவுக்கு ஒரு பொதுக் கணக்கு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் சேமிப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, அந்தப் பிள்ளையின் பெயரில்தான் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், வங்கிக் கிளையில் இருந்தவர் 'பேயீ கணக்கு' என்றால் என்னவென்றே தெரியாமல் அம்மாவின் பெயரில் சாதாரண ஜாயின்ட் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டார். நாலு வருடம் கழித்து அந்த அம்மாவின் வேறொரு கடனுக்காகக் கணக்கு முடங்கியது. அது பிள்ளையின் பணம் என்று நிரூபித்து மீட்பதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிளையில் முழித்தால், மேலாளரைக் கூப்பிட்டு 'ரெப்ரசென்டேடிவ் பேயீ அக்கவுன்ட்' என்று அழுத்திக் கேளுங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் வேறு வங்கிக்குப் போங்கள்.

மிச்சத்தை எங்கே வைப்பது என்பதில் விதி பழைய காலத்து ஆள் மாதிரி நிதானமானது. அரசுக் காப்பீடு உள்ள வங்கியில் வட்டி தரும் கணக்கு, அல்லது அமெரிக்க அரசின் சேமிப்புப் பத்திரம். வட்டியும் பிள்ளைக்குத்தான் சொந்தம். பங்குச் சந்தையில் போட்டு விளையாடும் வேலை வேண்டாம். பேயீ என்றால் பிறர் பணத்தைக் காப்பவர். இழந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

அப்புறம் கணக்குப் புத்தகம். 2018 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கும் பெற்ற தாய், தகப்பன் வருடாந்திர கணக்கு அறிக்கை அனுப்ப வேண்டாம் என்று அதில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்குப் படிவம் எதுவும் வந்திருக்காது. ஆனால் அறிக்கை அனுப்பத்தான் விலக்கு, கணக்கு வைக்க விலக்கில்லை. கேட்டால் காட்ட வேண்டும். ஒவ்வொரு பில்லையும் ஆல்பம்போல ஒட்டி வைக்க வேண்டியதில்லை. ஒரு எக்ஸெல் தாளில் மாதத்துக்கு ஒரு வரி போதும்: வந்தது, வீட்டுப் பங்கு, தனிச் செலவு, சேமித்தது. பெரிய செலவுக்கு மட்டும் ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். தேனெடுத்தவன் புறங்கை நக்கத்தான் செய்வான் என்று சொந்தக்காரர்கள் வாய் கூசாமல் பேசுவார்கள். அன்றைக்குப் பதில் சொல்ல அந்த ஒரு தாள் இருக்கும்.

இப்போது வரி. நான் பல வருடம் மற்றவர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுத்தவன், அதனால் இதில் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

ஜனவரியில் எஸ்எஸ்ஏ-1099 என்று ஒரு தாள் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் வரும். அந்தத் தொகை பிள்ளையின் வருமானம். உங்கள் ரிட்டர்னில் சேர்க்கக் கூடாது. அவசரத்தில் தங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி கட்டிய அம்மாக்கள் உண்டு. பிள்ளைக்கு வரி வருமா? வருடத்துக்கு 18,000, அதில் பாதி 9,000. அந்தப் பாதியையும் பிள்ளையின் மற்ற வருமானத்தையும் கூட்டினால் 25,000 டாலரைத் தாண்டினால்தான் இந்தப் பணத்துக்கு வரிப் பேச்சே வரும். சேமிப்பின் வட்டி மட்டும் தனி: 2025ல் அது 1,350 டாலரைத் தாண்டினால் பிள்ளையின் பெயரில் ஒரு சின்ன ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்குச் சுமார் 36,000 சேர்ந்திருக்கிறது என்றால், நல்ல வட்டி தரும் கணக்கில் இருக்கும்பட்சத்தில் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருப்பீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

பலருக்கும் தெரியாத கண்ணி இனிமேல்தான். வருமான வரித் துறையில் பிள்ளையை உங்கள் பொறுப்பில் காட்ட வேண்டுமானால், அந்தப் பிள்ளை தன் வருடப் பராமரிப்பில் பாதிக்கு மேல் தானே கொடுத்திருக்கக் கூடாது. சர்வைவர் பணத்தைப் பிள்ளைக்காகச் செலவு செய்தால், பிள்ளை தன்னைத்தானே பராமரித்துக்கொண்டதாகத்தான் கணக்கு. பேயீ விதி செலவு செய் என்கிறது, வரி விதி அளவோடு செய் என்கிறது. பாதியைத் தாண்டினால், பிள்ளைக்காக உங்கள் வரியில் கழிக்கும் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் போகும். கணவர் இறந்த வருடத்துக்கு அடுத்த இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும் 'குவாலிஃபையிங் சர்வைவிங் ஸ்பௌஸ்' (துணையை இழந்து பிள்ளை வளர்ப்பவர்) சலுகையும், அதன்பின் வரும் 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' (தனியாகக் குடும்பம் நடத்துபவர்) நிலையும் ஆட்டம் காணும்.

எண்ணை வைத்தே பார்ப்போம். மகளின் வீட்டுப் பங்கு 1,400, தனிச் செலவு 800, மொத்தம் மாதம் 2,200. இதில் அவள் பணமான 1,500 முழுவதும் போனால், 68 சதவீதம் அவளே கொடுத்தது ஆகிவிடும். தோற்றீர்கள். அதே மாதத்தில் அவள் பணத்திலிருந்து 1,000 எடுத்து, 500ஐ அவள் பெயரில் சேமித்தால், அவள் கொடுத்தது 45 சதவீதம். ஜெயித்தீர்கள். சேமித்த பணம் அந்த வருடப் பராமரிப்புக் கணக்கில் வராது. உங்களுக்குச் சம்பளம் இருப்பதால் இந்த விளையாட்டு உங்களால் முடியும். சம்பளம் இல்லாத தாய் பாதியைப் பற்றிக் கவலைப்படாமல் முழுதையும் பிள்ளைக்குச் செலவு செய்யட்டும். வயிற்றுக்குப் பிறகுதான் வரி. இதில் இருப்பிடச் செலவை ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) தவணையை வைத்துப் பார்க்காமல், அந்த வீடு வாடகைக்கு எவ்வளவு போகும் என்பதை வைத்துக் கணக்கிடும். அதனால் ஒரு தடவை உங்கள் வரிக்கணக்காளரோடு உட்கார்ந்து பராமரிப்புக் கணக்குத் தாளை நிரப்பிப் பாருங்கள். கடந்த இரண்டு வருடம் நீங்கள் ஒன்றும் தொடாததால் இந்தச் சோதனையில் தானாகவே தேறியிருக்கிறீர்கள். கொழுந்தனாருக்கு அந்த ஒரு புண்ணியம் உண்டு.

ஆக என் கணக்கில் உங்களுக்கு ஏற்றது, ஒவ்வொரு பிள்ளையின் பணத்திலும் மாதம் சுமார் 1,000 வீட்டுக்கும் அவர்களுக்கும், 500 அவர்கள் சேமிப்புக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 2,000 டாலர் உங்கள் தோளிலிருந்து இறங்கும். மளிகைக்குக் கார்டு தேவைப்படாது.

மகளுக்கு 18 ஆக இன்னும் ஏழு வருடம். மாதம் 500 என்றால் 84 மாதத்தில் 42,000, ஏற்கெனவே இருக்கும் 36,000 வேறு. 18 ஆகும்போது அந்தச் சேமிப்பை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். "காலேஜுக்குத்தான் தருவேன்" என்று பிடித்து வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. 18 வயதுப் பெண் 78,000 டாலரை என்ன செய்வாள் என்பது நீங்கள் அதற்குள் அவளிடம் என்னென்ன பேசியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பத்தாம் வகுப்பு வரும்போதே அந்தக் கணக்குத் தாளை அவளிடம் காட்டத் தொடங்குங்கள் என்பேன். கல்லூரி உதவிக்கான விண்ணப்பத்தில் மாணவர் பெயரில் இருக்கும் சேமிப்பில் 20 சதவீதத்தைப் படிப்புக்குக் கொடுக்க முடியும் என்று எடுத்துக்கொள்வார்கள், பெற்றோர் சேமிப்பைவிட இது கடுமையான கணக்கு. அதற்காகப் பணத்தை உங்கள் பெயருக்கு மாற்றினால் வேறு வம்பு. லேப்டாப், பல் சிகிச்சை, படிப்புக்கான பயிற்சி மாதிரி அவளுக்கு உண்மையிலேயே தேவையானதை அதற்கு முன்பே அவள் பணத்தில் செய்துவிடுவது நேர் வழி.

மாத வரவு 18 ஆகும்வரைதான். உயர்நிலைப் பள்ளியில் முழுநேரம் படித்துக்கொண்டிருந்தால் பள்ளி முடியும்வரை, அல்லது 19 தாண்டி இரண்டு மாதம்வரை, எது முந்தியோ அதுவரை வரும். அதற்கு எஸ்எஸ்ஏ-1372 படிவத்தில் பள்ளியின் சான்று வாங்க வேண்டும். ஒரு காலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு 22 வயதுவரை கொடுத்தார்கள். 1981ல் ரீகன் காலத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் "காலேஜ் படிச்சா வரும்" என்று பழைய ஆட்கள் யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். 22 வயதுக்கு முன்பே தொடங்கிய ஊனம் உள்ள பிள்ளைக்கு மட்டும் தொடரும்.

கொழுந்தனார் "நான் காப்பாளரா இருந்து பார்த்துக்கிறேன்" என்றும் சொல்லியிருக்கிறாராம். வேண்டாம். பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்தாலும் சோஷியல் செக்யூரிட்டி அதை ஏற்காது. பேயீயை அவர்கள்தான் நியமிப்பார்கள், பிள்ளையோடு வாழும் பெற்றவருக்கே முன்னுரிமை. நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் உங்கள் பங்கு நிற்கும் (உங்களுக்கு இப்போது அது கிடைக்கவே இல்லை என்பது வேறு). பிள்ளைகளின் பங்கு நிற்காது. புதிய கணவர் பிள்ளைகளைத் தத்தெடுத்தாலும் நிற்காது. அவருக்கு அந்தப் பணத்தில் எந்த உரிமையும் இல்லை. இந்தியாவுக்கே திரும்பினாலும், இங்கே பிறந்து அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குப் பணம் தொடர்ந்து வரும். குடியுரிமை இல்லாத பிள்ளை என்றால் ஆறு மாதம் வெளியே இருந்தபிறகு நிற்க வாய்ப்புண்டு. அதற்கு விதிவிலக்குகள் பல இருப்பதால் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டு நீங்கள் இங்கேயே இருந்தால், அதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை இருக்கும் இடத்தில்தான் பணமும் செலவாக வேண்டும்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே பிள்ளையின் பணத்தைச் சொந்தத்துக்குத் திருப்பினால் அது மத்தியச் சட்டப்படி குற்றம், ஐந்து வருடம்வரை சிறை. சீட்டாட்டத்திலும் புது ஆளின் காருக்கும் போட்டவர்களுக்கு வைத்த சட்டம் அது. தவணையில் மூன்றில் ஒரு பங்கு எடுத்த தாயைத் தேடி யாரும் வரமாட்டார்கள். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். வளர்ப்பு இல்லத்துப் பிள்ளைகளுக்கு வந்த இதே பணத்தை, வளர்ப்புச் செலவுக்கு ஈடு என்று வாஷிங்டன் மாநில அரசு எடுத்துக்கொண்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2003ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது சரி என்றார்கள். சாப்பாடு, இருப்பிடத்துக்குத்தானே போயிருக்கிறது என்பதுதான் காரணம். பெறாத அரசாங்கமே பிள்ளையின் சோற்றுக்கும் கூரைக்கும் என்று எடுக்கலாம் என்றால், பெற்றவள் எடுக்கத் தயங்குவானேன்?

இந்த வாரம் செய்ய வேண்டியது, வங்கியில் கணக்கின் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பிள்ளைகளின் சேமிப்பும் ஒரே கணக்கில் கலந்திருந்தால் பிரித்துவிடுங்கள். எக்ஸெல் தாளை இந்த மாதம் முதல் தேதியிலிருந்து தொடங்குங்கள். மகன் விஷயமாக ஆலோசகருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், அந்தச் செலவை அவன் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். கணக்கின் பெயரை மாற்றுவதில் வங்கியில் ஏதாவது இடைஞ்சல் வந்தால் எழுதுங்கள், என்ன சொல்லிக் கேட்பது என்று சொல்கிறேன்.